எழுத்து ஊருக்கு, பெயர் வீட்டுக்கு: மாணவர் வலைப்பூவும் பாதுகாப்பும்

2022 அக்டோபரில் சிதம்பரத்தில் ஒரு பேருந்து நிழற்குடையில் எடுக்கப்பட்ட சிறு வீடியோ தமிழ்நாடு முழுவதும் பரவியது. பள்ளிச் சீருடையில் இருந்த மாணவிக்கு பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் தாலி கட்டுகிறான். கூட இருந்தவர்கள் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். இருவருமே சிறார். காவல்துறை வழக்குப் பதிந்தது. குழந்தைகள் நலக் குழு தலையிட்டது. வீடியோவைச் சமூக ஊடகத்தில் பரப்பிய ஒருவரும் கைதானார். அந்த மாணவியின் பெயரைச் செய்தித்தாள்கள் போடவில்லை. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர் தேவைப்படவே இல்லை. எந்தப் பள்ளி என்பதைச் சீருடையே காட்டிக்கொடுத்துவிட்டது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2021 அக்டோபரில், அதே ஊரில் ஓர் அரசுப் பள்ளி வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் பிளஸ் டூ மாணவனைப் பிரம்பால் அடித்ததையும் உதைத்ததையும் உடன் படிக்கும் மாணவர் பதிவு செய்தார். ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அந்த அடி நான்கு சுவருக்குள்ளேயே முடிந்திருக்கும்; அதைப் பதிவு செய்த பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அடி வாங்கிய மாணவனின் முகத்தை மறைக்காமலே பலர் அதைப் பகிர்ந்தார்கள். அடித்தவருக்கு வழக்கு ஒருநாள் முடியும். அடிபட்டவன் முகம் யார் யார் கைபேசியிலோ இருந்துகொண்டேயிருக்கும்.

இவை இரண்டும் பள்ளிகள் வெளியிட்டவை அல்ல. இருந்தாலும், மாணவர் எழுத்துக்காக வகுப்பறை வலைப்பூ ஒன்று தொடங்கலாமா என்று யோசிக்கும் கடலூர் மாவட்ட ஆசிரியர் யாரும் இவற்றைத் தாண்டிப் போக முடியாது. பெற்றோர் போகவிட மாட்டார்கள். ‘நெட்ல எல்லாம் போட வேணாம் சார்’ என்று ஒரு தாய் சொன்னால், அதன் பின்னால் இந்த மாதிரி நினைவுகள் இருக்கின்றன. அந்தப் பயம் நியாயமானது. அதே சமயம், பயத்தை முன்னிட்டுப் பிள்ளைகளின் எழுத்தையே பீரோவில் பூட்டி வைப்பதும் சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் இந்தக் கடலூர்க் கரையில் பிள்ளைகளுக்கு எழுத நிறைய இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அடுத்து அதிக உயிர்களை இழந்த மாவட்டம் கடலூர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் மழையில் பண்ருட்டி பக்கம் விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் திடீர் வெள்ளத்தில் சிக்கின. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, தென்பெண்ணை கரை மீறி வந்தது. இவற்றைப் பற்றி அரசு அறிக்கைகள் உண்டு, நாளிதழ்ச் செய்திகள் உண்டு. பதின்மூன்று வயதில் இவற்றைப் பார்த்தவர் எழுதியது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கட்டுரை நோட்டுகளில் இருந்து, ஆண்டு முடிவில் எடைக்குப் போயிருக்கும். கட்டுரை நோட்டுக்கு வாசகர் ஒருவர்தான், ஆசிரியர். அவர் பிழை திருத்துவார், மதிப்பெண் போடுவார், அத்தோடு சரி. முகம் தெரியாத ஒருவர் படிக்கப் போகிறார் என்றால், அதே பிள்ளை சந்திப்பிழையைத் தானே தேடித் திருத்தும். ‘எங்க ஊர்க் கொடுவா எப்படியிருக்கும் என்று அவங்களுக்குத் தெரியாதே’ என்று யோசித்து ஒரு வரி கூடுதலாக எழுதும். எழுத்துப் பயிற்சியில் இதற்கு ஈடாக வேறொன்று இல்லை.

இதற்கான வசதியும் ஒரு காலத்தில் இருந்ததுபோல் அரிதாக இல்லை. தமிழில் வலைப்பூக்கள் 2003 வாக்கில் தொடங்கின. 2004-ல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியை அமைத்த பிறகு அவை ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஆசிரியர்கள் இதில் பெரும் பங்கு எடுத்தார்கள். புதுக்கோட்டையில் தமிழாசிரியர் நா. முத்துநிலவனும் நண்பர்களும் கணினித் தமிழ்ச் சங்கம் வைத்து, ஆசிரியர்களுக்கு வலைப்பூ தொடங்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2015 அக்டோபர் 11 அன்று அங்கே வலைப்பதிவர் திருவிழாவே நடந்தது. பிறகு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பள்ளிக் கல்வித் துறையே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று மாணவர் இதழ்களை நடத்துகிறது. ஆசிரியர்கள் எழுதினார்கள், கருவிகளும் வந்துவிட்டன. மாணவரைப் பத்திரமாக எழுத வைப்பது எப்படி என்ற கேள்வியில்தான் நாம் இன்னும் நிற்கிறோம்.

மாணவர் வலைப்பூ என்றதும் உலகம் நினைப்பது பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைத்தான். பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகக்கூடாது என்று தாலிபான்கள் 2009 ஜனவரி 15-ஐக் கெடுவாக வைத்திருந்த நேரம். அங்கே படிக்கும் மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பை வெளியிட பிபிசி உருது விரும்பியது. முதலில் ஒப்புக்கொண்ட மாணவியின் பெற்றோர் பயந்து மறுத்துவிட்டார்கள். பள்ளி நடத்திவந்த ஜியாவுதீன் யூசுப்சாய் தன் மகளையே எழுதச் செய்தார். மலாலாவுக்கு அப்போது வயது 11. கையால் எழுதிய குறிப்புகள் செய்தியாளர் வழியாகப் போய், ஜனவரி 3 முதல் ‘குல் மக்காய்’ என்ற பெயரில் வெளிவந்தன. நாட்டுப்புறக் கதை நாயகி ஒருத்தியின் பெயர் அது.

அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு அடுக்கடுக்காக இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை நேரடியாக இணையத்தில் எதையும் ஏற்றவில்லை. நடுவில் பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்தார். பெயர் மாற்றப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் மலாலா தந்தையோடு ஓர் ஆவணப்படத்தில் முகம் காட்டினார், மேடைகளில் பேசினார். ஆண்டு முடிவதற்குள் குல் மக்காய் யார் என்பதும் வெளிவந்துவிட்டது. 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வாகனத்தில் அவர் சுடப்பட்டார். புனைபெயர் உடைந்ததற்கும் தோட்டாவுக்கும் நேர்க்கோடு போடுவது நியாயமாகாது. அவர் தெரிந்தே வெளிப்படையாகப் பேசியவர். ஆசிரியராக இருப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. புனைபெயர் பிள்ளையின் கையில் இல்லை, சுற்றியிருக்கும் பெரியவர்களின் வாயில் இருக்கிறது.

அதே 2012-ல் ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னொரு வகை. லாக்கில்ப்ஹெட் தொடக்கப் பள்ளியில் படித்த ஒன்பது வயது மார்த்தா பெய்ன், தினமும் பள்ளியில் கொடுக்கும் மதிய உணவைப் படமெடுத்து, மதிப்பெண் போட்டு, தந்தையின் துணையோடு ஒரு வலைப்பூவில் எழுதினாள். ஆரம்பத்தில் அவளும் புனைபெயரில்தான் எழுதினாள். வலைப்பூ புகழ்பெற்று, ஒரு நாளிதழ் சமையல் பணியாளர்களைச் சாடித் தலைப்புப் போட்டதும், உள்ளாட்சி மன்றம் ஜூன் 14 அன்று படமெடுக்கத் தடை விதித்தது. எதிர்ப்புக் கிளம்ப, மறுநாளே தடையை நீக்கியது. மலாவி நாட்டுப் பள்ளிக் குழந்தைகளின் உணவுக்காக அவள் திரட்டிவந்த நிதி சில நாட்களில் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. அவள் படங்களில் இருந்தவை தட்டும் அதிலிருந்த உணவும். அந்தச் சிறுமி உலகத்துக்குக் காட்டியது பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கத்தை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளின் முகங்களை அல்ல. நம் பிள்ளைகளுக்கு எதைப் படம்பிடிக்கச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது என்கிறது. அடையாளம் என்றால் என்ன என்பதையும் அதுவே சொல்கிறது: பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக எழுதப்பட்ட பிரிவு இது. கவிதை எழுதிய மாணவிக்கு இது பொருந்தாது. ஆனால் நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து யோசித்து, ஒரு குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க என்னென்ன போதும் என்று போட்ட பட்டியல் இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளியின் முகநூல் பக்கத்தைப் பாருங்கள். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு என்று மாணவியின் படம், முன்னெழுத்தோடு பெயர், வகுப்பு, பிரிவு, தந்தை பெயர், ஊர், பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. பட்டியலில் எதுவுமே விடுபட்டிருக்காது. பெருமையோடும் பாசத்தோடும் செய்வதுதான். அச்சு இதழ்களில் நெடுநாளாக இருந்த வழக்கம், அப்படியே இணையத்துக்கு வந்துவிட்டது. அச்சு இதழ் ஆயிரம் பேரிடம் போய் அடங்கியது. இணையத்தில் பெயரைத் தட்டினால் பத்தாண்டு கழித்தும் வரும். அந்தப் படத்தை எடுத்து முகத்தை வேறு உடலோடு ஒட்டும் கருவிகள் இன்று எல்லார் கையிலும் இருக்கின்றன.

படத்தைத் தவிர்ப்பது எளிது. எழுத்துக்குள்ளேயே அடையாளம் கலந்திருப்பதுதான் சிக்கல். இதைச் சற்று நெருங்கிப் பார்க்க, ‘மழை இரவு’ என்ற தலைப்பில் ஒரு மாணவர் எழுதக்கூடிய பத்தியை நானே எழுதிப் பார்க்கிறேன்:

“எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில் அம்மன் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அப்பா சாயங்காலம் கடலுக்குப் போனால் விடிந்துதான் வருவார். அம்மா மீன் எடுக்க மூன்று மணிக்கே முதுநகர் துறைமுகத்துக்குப் போய்விடும். நானும் தங்கச்சியும் மட்டும்தான் இருப்போம். மழை பெய்தால் கதவு ஊறிப் போய்ச் சாத்தாது. தங்கச்சி அழுவாள். நான் கதை சொல்லித் தூங்க வைப்பேன்.”

நல்ல எழுத்து. எந்தத் தமிழாசிரியரும் மகிழ்ந்து போவார். ஆனால் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் படித்தால், வீடு எது, பெரியவர்கள் இல்லாத நேரம் எது, கதவின் நிலை என்ன என்று எல்லாமே கிடைக்கிறது. இந்தப் பத்தியில் பெயர் இல்லை என்பது பெரிய பாதுகாப்பாகாது. இப்போது கோயிலையும் மூன்றாவது வீட்டையும் மூன்று மணியையும் துறைமுகத்தின் பெயரையும் எடுத்துவிடுங்கள். ‘அப்பா கடலில் இருந்தார், அம்மாவும் இல்லை’ என்று மட்டும் வைத்து, இன்றைக்கு நடப்பதாக இல்லாமல் சின்ன வயதில் நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள். ஊறிப்போன கதவும், அழுகிற தங்கையும், கதை சொல்கிற பிள்ளையும் அப்படியே இருக்கிறார்கள். பத்தியின் உயிர் முழுக்க அவர்களிடம்தான் இருந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒரு மாணவரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது பாதுகாப்புப் பாடம் மட்டுமில்லை, எழுத்துப் பாடமும்கூட.

இன்னொன்றும் அதே பத்தியில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் இரவில் தனியாக இருக்கிறார்கள் என்று ஆசிரியருக்கு இப்போது தெரியும். வெளியிடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய கடமை வந்துவிடுகிறது. மாணவரை மனம் திறந்து எழுதச் சொன்னால், சில சமயம் இதைவிடக் கனமானதும் வரும். பாலியல் தொந்தரவு பற்றிய குறிப்பு எழுத்தில் தென்பட்டால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21-ஆம் பிரிவில் குற்றம். அத்தகைய எழுத்து வலைப்பூவின் வரைவுப் பெட்டியில்கூட இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் அது வராது. நம் ஊர்களில் பள்ளியின் பெயரும் தெருவின் பெயரும் சாதியைச் சொல்லிவிடும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று கட்டுரைக்குக் கீழே அச்சிட்டால், எழுதிய பிள்ளையின் சாதியையும் சேர்த்து அச்சிடுகிறோம். குடியிருப்பின் பெயர், குலசாமியின் பெயர் எல்லாமே அப்படித்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதை அடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கப் பரிந்துரைத்தது. ஒடுக்கப்பட்டவர்களின் கல்விக்காக சுவாமி சகஜானந்தா 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சிதம்பரத்தில், கல்விக்கூடத்தின் பெயருக்கு ஒரு பெருமித வரலாறும் உண்டு. அந்த வரலாற்றை மாணவர்கள் எழுதட்டும். எழுதுகிற பிள்ளையின் நெற்றியில் அதை நாம் ஒட்ட வேண்டியதில்லை.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. இவை பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் அதன் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் தன் விவரங்களைத் தானே பொதுவெளியில் வைத்துவிட்டால், அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. அதற்குச் சட்டமே கொடுக்கும் எடுத்துக்காட்டு யார் தெரியுமா? வலைப்பதிவில் தன் கருத்தை எழுதும் ஒருவர். அந்த எடுத்துக்காட்டில் வயதுபற்றிப் பேச்சே இல்லை. ஆக, ஒரு மாணவி தன் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில், தன் வாழ்க்கையை எழுதி ஏற்றிவிட்டால், பின்னால் சட்டம் அவளுக்குத் துணை வருமா என்பது சந்தேகத்துக்கு இடமாகிறது. வகுப்பறை வலைப்பூ பிள்ளைகளின் தனிக் கணக்குகளாக இருக்கக் கூடாது, பள்ளியின் கணக்காகவே இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்ல இதுவே முதல் காரணம். கூகுள் கணக்குக்கு இந்தியாவில் குறைந்தபட்ச வயது 13 என்பதும், எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் அதை எட்டியிருக்க மாட்டார்கள் என்பதும் அடுத்த காரணம்.

இணையத்தில் ஏறிய பெயரை இறக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் உயர் நீதிமன்றமே சாட்சி. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்டபோது, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. வயதுவந்த, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்த மனிதரின் நிலை இது.

பெயரில்லாமல் எழுதச் சொன்னால் பிள்ளைகள் மனம் வாடும் என்பது உண்மை. தன் பெயரை அச்சில் பார்ப்பது சின்ன விஷயமா? ஆனால் புனைபெயர் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலத்தை உலகம் புதுமைப்பித்தனாகத்தான் அறியும். சிதம்பரத்தில் வாழ்ந்து மறைந்த மணி, மௌனியாகத்தான் நிற்கிறார். இந்த இருவரையும் சொல்லிவிட்டு, ‘உனக்கு என்ன பெயர் வேண்டும், நீயே வை’ என்று கேட்டால், வகுப்பு உற்சாகமாகிவிடும். பெயர்ப் பட்டியல் கையால் எழுதிய ஒரே பதிவேட்டில், தலைமையாசிரியர் பொறுப்பில் இருக்கட்டும், கணினியில் வேண்டாம். ஆண்டு முடிவில் அதே எழுத்துகளைத் தொகுத்து, முழுப் பெயரோடு ஓர் அச்சுப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். இன்ன புனைபெயரில் எழுதியவர் இவர்தான் என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றையும் அதோடு கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்குப் பிறகு, அந்த எழுத்து என்னுடையது என்று உலகத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

நடைமுறையில் மற்றவை சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியவை. வலைப்பூ பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். ஆசிரியர் மாறுதலாகிப் போனால் கடவுச்சொல்லும் கூடப் போய்விடக் கூடாது. எதையும் இரண்டு ஆசிரியர்கள் படித்த பிறகே ஏற்ற வேண்டும். வாசகர் கருத்துகள் ஆசிரியரின் ஒப்புதல் இல்லாமல் தெரியக் கூடாது. மாணவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் வழி எதுவும் இருக்கவே கூடாது. கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். ஏற்றும்முன் அதை நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பிரதி வேண்டும். 2012 அக்டோபரில் எடுபிளாக்ஸ் என்ற நிறுவனம் நடத்திய 14.5 லட்சம் கல்வி வலைப்பூக்கள் ஒரே ஒரு பதிப்புரிமைப் புகாரால் திடீரென்று முடங்கின. சிறிது நேரத்தில் திரும்பி வந்தன என்றாலும், பிறர் வீட்டுத் திண்ணையில் வைத்த பொருள் நம் கைக்கு உறுதியில்லை.

உலகம் முழுவதற்கும் திறந்து வைப்பதுதான் வலைப்பூ என்ற எண்ணத்தையும் விட வேண்டும். பிளாக்கரிலேயே அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி அமைக்கலாம். நூறு வாசகர் வரை இடமுண்டு. எனக்கு ஓர் ஆசை உண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிய ஆறுமுக நாவலர், 1864-ல் சிதம்பரத்திலும் ஒன்றைத் தொடங்கினார். அந்த இரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு வகுப்பு, ஒன்றின் எழுத்தை மற்றது மட்டும் படிக்கும்படி ஒரு மூடிய வலைப்பூ நடத்தினால் எப்படியிருக்கும்! இரு கரையும் ஒரே நாளில் ஒரே சுனாமி அலையை வாங்கியவை. நாற்பது பேர் கவனமாகப் படிப்பது, நாலாயிரம் பேர் புரட்டிப் போவதைவிட ஒரு பிள்ளைக்கு அதிகம் தரும்.

எழுத வைக்கும் பொருளிலும் பாதி பாதுகாப்பு இருக்கிறது. ‘என் குடும்பம்’, ‘என் தோழி’, ‘நான் பள்ளிக்கு வரும் வழி’ என்ற வழக்கமான தலைப்புகளே அதிக விவரங்களைக் கொட்ட வைப்பவை. ஊரை எழுதச் சொன்னால் பிள்ளை தானாகவே பின்னால் நகர்ந்துகொள்ளும். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004 முதல் காற்றில் வரும் நாற்றத்தை நாளும் நேரமும் குறித்துப் பதிவு செய்தார்கள். வாளியை வைத்து அமைத்த எளிய கருவியில் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பெரிய படிப்பில்லாதவர்கள் கவனித்து எழுதியதை அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய ஆவணமாக்கினார்கள். பிச்சாவரத்து நீர்மட்டம், பரங்கிப்பேட்டைப் பேச்சுவழக்கு, கெடிலத்தில் தண்ணீர் வந்த நாள், வலை பின்னும் முறை, பாட்டி சொன்ன புயல் என்று எழுத வேண்டியவை ஏராளம்.

சம்மதம் பற்றி ஒரு சொல். படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமாகாது. சேர்க்கைப் படிவத்தின் பத்துத் தாள்களில் ஒன்றாக அது போய்விடும். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய், ஆசிரியர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் திரையில் வலைப்பூவைத் திறந்து காட்டி, ‘உங்கள் பிள்ளை எழுதியது இப்படித் தெரியும், இந்தப் பெயரில் வரும், வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அன்றே எடுத்துவிடுவோம்’ என்று சொல்ல வேண்டும். பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். ஆசிரியர் முன் மறுப்பது எந்த மாணவருக்கும் கடினம் என்பதால், வெளியிட ஒப்பாதவர் மதிப்பெண் குறையாது என்பதை வகுப்பில் உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக எதையும் தொடங்கும் முன், உங்கள் பள்ளியின் பெயரில் ஏற்கெனவே முகநூலிலும் யூடியூபிலும் பழைய வலைப்பூக்களிலும் கிடப்பவற்றை வரும் விடுமுறையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். போக்சோ 23-ஆம் பிரிவின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள விவரங்களோடு நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் எடுத்துவிடுங்கள். ஏதேனும் தவறாகப் பயன்பட்டிருப்பது தெரியவந்தால், இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, கல்வித் துறையின் வழிகாட்டலுக்கு 14417. இந்த மூன்று எண்களையும் ஆய்வகக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, அதன் பிறகு பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.